புது மூட்டோடு ஓர் ஆடிச்சுற்று

இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்றி ஒன்பது மாதம் கழித்து, இந்த ஆடியில் சங்கரன்கோவில் போய் வந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஆடிச்சுற்று சுற்றுவதாக அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். மயக்கம் தெளியாத வேண்டுதல்தான், ஆனாலும் அம்மன் கணக்கில் வைத்திருப்பாள் என்று பயம்.

ராஜபாளையத்தில் காலை ஆறரைக்குப் பஸ். முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஒரு மணி நேரம், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். படியில் நானே ஏறினேன். இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன்.

கரிவலம்வந்தநல்லூரில் கோமதியக்கா ஏறினாள். கண்டக்டரும் நானும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தோம். எனக்கும் அவளுக்கும் ஒரே நாளில்தான் டாக்டர் ஆபரேஷன் சொன்னார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். கோமதியம்மன் சன்னதிக்கு முன்னால் சக்கரக்குழி இருக்கிறது. அதில் இறங்கி உட்கார்ந்தால் மனக்குறை தீரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"மூட்டு மாத்தினா தரையில உக்காரக் கூடாதுங்காங்க. சக்கரத்துல உக்காராம நான் எதுக்குட்டி கோவிலுக்கு வரணும்?"

"வலியில்லாம நடக்கலாம்லா?"

"நீ நட, பாப்போம்."

பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் ஐம்பது ரூபாய் கேட்டார். அக்காவை ஏற்றிவிட்டு நான் நடந்தேன். கோவில் பிரகாரத்தைப் பதினொரு சுற்றுச் சுற்றினேன். முழங்கால் கொஞ்சம் இறுகியது, பழைய வலி வரவே இல்லை. அழுகை வந்தது, துடைத்துக்கொண்டேன்.

பிறகு சக்கரக்குழி. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றே கும்பிட்டேன். அந்தக் குறை எனக்கு உண்டு, மறைப்பானேன்? அக்கா வெகுநேரம் கண்ணை மூடியிருந்தாள். எழும்போதுதான் வந்தது வினை. கால் நிமிரவில்லை, பின்னால் வரிசை நீள்கிறது. குனிந்து கையைக் கொடுத்தேன். உட்கார முடியாதவளைப் பிடித்துக்கொண்டு எழ முடியாதவள் எழுந்தாள்.

போகிறவர்களுக்கு: எட்டு மணிக்குள் சுற்றிவிடுங்கள், வெயில் ஏறினால் கல் சுடும். நடுநடுவே சற்று உட்கார்ந்து எழுந்திருங்கள், உயரமான திண்ணைபோல் இருந்தால் நல்லது. சாயங்காலம் எனக்கு லேசாக வீங்கியது, ஐஸ் வைத்ததும் வடிந்தது. வலது முட்டியின் ஓரம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. ஆபரேஷனை விட அதற்குப் பிறகு செய்த பயிற்சிதான் என்னைப் படுத்தியது, அதை விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. இது என் கால் சொல்வது. உங்கள் காலுக்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

திரும்பும்போது கரிவலத்தில் அக்கா பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். பஸ் கிளம்புமுன் ஜன்னலோரம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன் டாக்டர்ட்ட எனக்கும் ஒரு நாள் கேளுட்டி."

"சக்கரம்?"

"அதான் இன்னைக்கு உக்காந்தேன்லா. இனிமே நின்னுதான் கும்பிடுவேன்னு அம்மாட்ட சொல்லிட்டுத்தான் எந்திரிச்சேன்."