சீக்கெப்ளையெர்

நார்வேயில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. நேர்காணல் வீடியோவில், அதுவும் அவர்கள் மொழியில், ஒரே ஒரு முறை. கல்யாணமான பிறகு ஆறு வருஷம் வேலையை விட்டு வலங்கைமானில் உட்கார்ந்திருந்த எனக்கு, அது கிடைத்தே ஆக வேண்டும் என்று வெறியே பிடித்திருந்தது.

இணையத்தில் பாடம் எடுத்துக்கொண்டேன். இலக்கணம்கூடப் பரவாயில்லை, கூட்டுச் சொற்கள்தான் உயிரை வாங்கின. இரண்டு மூன்று சொற்களை இடைவெளியே இல்லாமல் ஒட்டிவிடுகிறார்கள். நாமும் ஒட்டுகிறவர்கள்தானே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன்.

நர்ஸுக்கு அங்கே ‘சீக்கெப்ளையெர்’ என்று பெயர். ‘சீக்கெ’ என்றால் நோயாளிகள், ‘ப்ளையெர்’ என்றால் பார்த்துக்கொள்பவர். சீக்கு நம் ஊர்ச் சொல்லாயிற்றே, சட்டென்று மனதில் ஒட்டிக்கொண்டது. பெரியவர்களிடம் நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். ஆசிரியையிடம் அதே மரியாதையோடு, “நான் சீக்கெ... ப்ளையெர்” என்றேன்.

திரையில் அந்த அம்மாளின் முகம் மாறியது. “உடம்பு சரியில்லையா? வகுப்பை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா?”

பிரித்துச் சொன்னால் சீக்குப் பிடித்த நர்ஸ் என்று கேட்குமாம்! முதல் அசையில் அழுத்தம் விழ வேண்டும், மீதி அதன் பின்னாலேயே ஓட வேண்டும்.

வயலிலிருந்து வந்த வீட்டுக்காரர் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“நம்ம ஊரையே ‘வலங்கை... மான்’னு நிறுத்திச் சொல்லிப் பாரு, மான் எங்கன்னு தேடுவாங்க. எதையும் அடிச்சுச் சொல்லணும்மா.”

“அடிக்கத் தயார்தாங்க. எங்க அடிக்கிறதுன்னுதான் தெரியல.”

“இந்தா, இதுல அடி” என்று சாப்பாட்டுத் தட்டை நீட்டினார்.

அப்படியே செய்தேன். ஒவ்வொரு சொல்லின் முதல் அசைக்கும் தட்டில் கரண்டியால் ஓர் அடி. நாலு வயது மகளும் ஒரு டம்ளரோடு சேர்ந்துகொண்டாள். “தட்டுல தாளம் போட்டா வீட்டுக்கு ஆகாதுடி” என்று மாமியார் கத்தினார். வேலை கிடைத்தால் வெள்ளித் தட்டே வாங்கித் தருகிறேன், அதுவரை பொறுங்கள் என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.

நேர்காணலில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை. பேட்டி எடுத்த பெண்மணி தலையாட்டிக்கொண்டே கேட்டார், வேலை உங்களுக்குத்தான் என்றார். எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. முதல் வருஷம் குடும்பத்தை அழைத்துப்போக முடியாது, மகள் இங்கேதான் இருப்பாள். அது விண்ணப்பம் போட்டபோதே தெரிந்த விஷயம்தான். தெரிந்துதான் போட்டேன்.

முடிக்கும்போது அந்தப் பெண்மணி, “யெம்லெங்செல் வருமே, சமாளித்துவிடுவீர்களா?” என்று கேட்டார்.

அந்தச் சொல்லை அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் இப்போது எனக்குப் பிரிக்கத் தெரியும். ‘யெம்’ என்றால் வீடு, ‘லெங்செல்’ என்றால் ஏக்கம்.

அதையும் சரியாகச் சொல்லி, சமாளிப்பேன் என்று பதில் தரத்தான் வாயைத் திறந்தேன். வீட்டில் அழுத்தம் விழுந்தது. அதற்கு மேல் அழுகைதான் வந்தது.