குளம் வெட்டுமுன் பக்கத்து வீட்டைக் கேள்

வீட்டுக்குப் பின்னால் மீன் குளம் கட்டித் தருவது என் தொழில். மண்ணைத் தோண்டுவது லேசு. தோண்டுவதற்கு முன்னால் நடக்கும் பேச்சுவார்த்தைதான் உயிரை வாங்கும். வீடு வீடாகப் போய் வேலை செய்கிற சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

ஈசான மூலை

பாயா ரும்புட் என்ற ஊரில் லெட்சுமி அக்கா. பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்தியவர். பிள்ளைகள் சிங்கப்பூருக்குப் போன பிறகு, ஏழு கோய் அலங்கார மீன்களைக் குஞ்சிலிருந்து பெரிய பிளாஸ்டிக் பேசினில் வளர்த்து வந்தார். ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. பேசின் பற்றாமல் போகவே என்னைக் கூப்பிட்டார்.

"தண்ணி ஈசான மூலையிலதான் இருக்கணும்" என்று ஒரே பிடி. சரியென்று அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க மண்ணில் கம்பியை இறக்கினேன். டங்கென்றது. கக்கூஸ் தொட்டியின் மூடி! அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்: "அடப்பாவி டெவலப்பர், சாமி மூலையிலயா கொண்டாந்து வெச்சான்!"

சுவருக்கு அந்தப் பக்கம்

பின்பக்கக் கால்வாய் ஓரம் நகராண்மைக் கழகத்து நிலம். அங்கே கை வைத்தால் உடைத்துவிட்டுப் போவார்கள். மிச்சம் இருந்தது பக்கத்து வீட்டுச் சுவரோரம்தான். அந்த வீட்டு மலாய்க்காரம்மா காக் நோரை (காக் என்றால் மலாயில் அக்கா) கேட்காமல் மண்வெட்டியைத் தொட மாட்டேன் என்றேன். "என் வீடு, என் மண்ணு, அவங்கள எதுக்குக் கேக்கணும்?" என்று அக்கா முறைத்தார். எனக்கும் வீம்பு கொஞ்சம் அதிகம். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் அக்காவே போய்க் கேட்டார். காக் நோருக்கு இரண்டே பயம்: கொசு, சுவரில் ஊறும் ஈரம். கொசுப் புழுவை மீன் தின்றுவிடும். குளத்தை நாலடி தள்ளி வெட்டுகிறேன், மழைத் தண்ணீர் வழிய பைப் வைக்கிறேன் என்றேன். காக் நோர் சிரித்தபடி மலாயில் சொன்னார்: "வெட்டு லா! என் அடுப்படிக்கு மீன் நீந்தி வந்தா மட்டும் சம்பால் வெச்சிடுவேன்."

பாலாபிஷேகம்

குளம் முடிந்து மீன்களை விட்டாயிற்று. அந்த வெள்ளிக்கிழமை நான் கோலா சுங்கை பாரு என்ற வேறு ஊரில் வேலையில் இருந்தேன். போனில் அக்கா அழுகிறார். புதுக் குளமாயிற்றே என்று பூஜை போட்டு, பாலையும் மஞ்சளையும் குடம் குடமாகக் குளத்திலேயே ஊற்றியிருக்கிறார்! ஏழும் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. உடனே நல்ல தண்ணீருக்கு மாற்ற வேண்டும். அன்றைக்கென்று குழாயில் தண்ணீர் வெட்டு. சேர்த்து வைத்ததையும் அக்கா பூஜைக்கு வீடு கழுவித் தீர்த்துவிட்டார்.

பறந்தடித்து வந்தால், காக் நோர் வீட்டு வாசலில் மூன்று டிரம்கள். ஏழு மீனும் அவற்றுள் சாவகாசமாக நீந்துகின்றன. அக்காவின் அழுகைச் சத்தம் கேட்டு காக் நோர்தான் ஓடி வந்து, தன் கையாலேயே அள்ளிப் போட்டிருக்கிறார். தண்ணீர் வெட்டுக்கென்று அவர் குடும்பம் பிடித்து வைத்த தண்ணீர் அது. இரண்டு நாள் ஆறி குளோரின் போன தண்ணீர், மீனுக்கு அமிர்தம்.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கும் கண் கலங்கியது. அந்தம்மாளைக் கும்பிடலாம் போலிருந்தது. "இன்னிக்குக் குளிக்க என்ன செய்வீங்க காக்?" என்று கேட்டேன். பால் நாறும் கையை பாத்தேக் பூப்போட்ட கைலியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தண்ணி நாளைக்குத் திரும்ப வரும் லா. மீன் வருமா?"

நல்ல குளத்துக்கு சிமெண்ட், பைப், பம்பு எல்லாம் கடையில் கிடைக்கும்; காக் நோர் மட்டும் பக்கத்து வீட்டில் அமைய வேண்டும்.