ஆறாவது ஊசியும் திமிரித் தேளும்

பாலாற்றில் தண்ணீர் வந்ததே, ஊரே பாலத்தின் மேல் ஏறி நின்று செல்போனில் படம் பிடித்ததே, அதற்கு அடுத்த வருஷம் மார்கழியில் என்னுடைய ஊசி ஒன்று காணாமல் போனது. அந்தத் தண்ணீரைப் பார்க்க நானும் போயிருந்தேன். என் ஆயுசில் பாலாற்றில் மணலைத்தான் ஜாஸ்தி பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்றவர் யாரென்றே தெரியாது, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பிறகு பார்த்தால் என் செருப்பு ஒன்றைக் காணோம். அது வேறு கதை.

ஒரு ஊசிக்காகவா இந்தக் கிழவன் ஆண்டவருக்குச் சாட்சி சொல்ல வந்தான் என்று நினைப்பீர்கள். அந்த ஊசி ஒரு கைக்குழந்தையின் போர்வைக்குள் இருந்தது. நான் தைத்த போர்வை. நான் ஜெபம் பண்ணிக் கொடுத்த போர்வை. அதனால்தான் சொல்கிறேன்.

என் பேர் ஏசையா. ஊர் ஆம்பூர். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எங்கள் சபைச் செயலாளர் எழுதுகிறார். இதற்குள்ளேயே ரெண்டு தரம் "விஷயத்துக்கு வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டார். வருகிறேன்.

சின்ன வயதில் தோல் பதனிடும் இடத்தில் தொட்டி வேலை. பிறகு முப்பது வருஷம் ஷூ கம்பெனியில் தையல் வேலை. ரெண்டிலும் சேர்ந்து ஒரு வாசனை என் உடம்பில் ஏறிவிட்டது. தோல் வாசனை பாதி, ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை பாதி. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் கொஞ்ச நேரத்தில் ஜன்னல் பக்கம் இடம் தேடுவார். எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தேன். வேப்பிலை போட்டுக் குளித்துப் பார்த்தேன். கல்யாணம் ஆன புதிதில், இந்த வாசனையை எடுத்துப் போடும் ஆண்டவரே என்று முழங்கால் போட்டுக் கேட்டேன். அவர் எடுக்கவில்லை. என் மனைவி சுகந்திக்குத்தான் அது பழகிப்போனது.

ரிடையர் ஆன பிறகு கை சும்மா இருக்கவில்லை. அந்தச் சமயத்தில் பாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரவர் கையில் என்ன இருக்கிறதோ அதை வைத்து ஆண்டவருக்கு ஊழியம் செய்யலாம் என்றார். பாட்டுக் குழுவில் சேரலாம் என்று போனேன். ஒரு பாட்டு பாடினேன். அவர்கள் மரியாதையாக, "அண்ணே, நீங்க பின்னாடி ஒக்காந்து மனசுக்குள்ள பாடுங்க, ஆண்டவருக்கு கேக்கும்" என்றார்கள். அப்போதுதான் யோசித்தேன். என் கையில் இருப்பது ஊசி. பழைய புடவைகளை வாங்கி, வெட்டி, துண்டு துண்டாய் ஒட்டுப் போர்வை தைத்து, இல்லாதவர்களுக்குக் கொடுப்போம் என்று பொருத்தனை பண்ணினேன். ஒரு வரிசை தையலுக்கு ஒரு ஜெபம். அதுதான் கணக்கு.

முதல் போர்வை என்ன ஆனது என்று கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஷூவில் மேல்தோலையும் லைனிங்கையும் முதலில் சொல்யூஷன் தடவி ஒட்டிவிட்டுத்தான் தைப்போம். கை பழக்கம். புடவைத் துணிக்கும் தடவிவிட்டேன். காய்ந்ததும் போர்வை அட்டை மாதிரி ஆகிவிட்டது. மடங்கவே இல்லை. சுவரில் சாய்த்தால் தானாக நின்றது.

சுகந்தி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "இது போத்திக்கிறதுக்கா, இல்ல பாத்ரூமுக்குக் கதவு வெக்கறதுக்கா?"

அது இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் கூரையாக இருக்கிறது. ஒரு மழைக்கும் ஒழுகவில்லை. அதற்குப் பிறகு சொல்யூஷனை நிறுத்திவிட்டேன். ஆனால் அந்த டப்பாவும் பழைய தோல் துண்டுகளும் இருந்த டிரங்குப் பெட்டியில்தான் புடவைகளைப் போட்டு வைப்பேன். வேறு பெட்டி இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் தையல் ஊசி உடைந்தால் ஒரு சட்டம். உடைந்த துண்டு எல்லாவற்றையும் தேடி எடுத்து, தாளில் டேப் போட்டு ஒட்டி, சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டும். காட்டினால்தான் புது ஊசி. நுனி மட்டும் கிடைக்கவில்லை என்றாலும் அந்த மெஷினில் தைத்தது எதுவும் வெளியே போகாது. எங்கோ வெளிநாட்டில் ஒருத்தர் காலில் குத்திவிடக் கூடாது. அந்தப் பழக்கத்தை வீட்டிலும் வைத்திருந்தேன். ஷூவுக்குள்ளே பாதத்துக்கு அடியில் வைக்கிற இன்சோல் துண்டு ஒன்றில் ஆறு ஊசி குத்தி வைத்திருப்பேன். தைக்க உட்காரும்போது எண்ணுவேன். எழும்போது எண்ணுவேன்.

"கல்யாணத்துக்கு எங்கப்பா போட்ட நகையக்கூட நீ இப்பிடி எண்ணல" என்பாள் சுகந்தி.

எங்கள் தெருவில் ரேவதி என்று ஒரு பெண். ஷூ கம்பெனியில்தான் வேலை. ரொம்ப நாள் கழித்து ஆண் குழந்தை பிறந்தது. அவர்கள் முருகனைக் கும்பிடுகிற குடும்பம். ஆனாலும் மாசமாக இருக்கும்போது, "தாத்தா, எனக்கும் வேண்டிக்கோங்க" என்று கேட்டவள். அந்தக் குழந்தைக்கு ஒரு சின்னப் போர்வை தைத்தேன். சுகந்தியின் நீலப் புடவையில் ஒரு மூலை வைத்தேன். நான் தைத்ததிலேயே அதுதான் நல்ல போர்வை. அதுதான் என் பெருமைக்கும் காரணம்.

கடைசி மூலையைத் தைத்துக்கொண்டிருந்த மத்தியானம், பக்கத்து வீட்டு பாய் மகள் நிச்சயதார்த்தம். பிரியாணி தம் பிரிக்கிற வாசனை சந்து முழுக்க வந்தது. நான் ஆம்பூர்க்காரன். வேறு என்ன சொல்ல. முடிச்சுப் போட்டேன், எழுந்தேன், போனேன். எண்ணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பாஸ்டர் ஜெபம் பண்ண, போர்வையைக் கொண்டுபோய் ரேவதியிடம் கொடுத்தேன். ரொம்ப சந்தோஷப்பட்டாள்.

அதற்குப் பிறகு நான் பண்ணியதுதான் வெட்கம். தினமும் அந்த வீட்டுப் பக்கம் நடந்தேன். பால் வாங்கப் போகிற மாதிரி. எங்கள் வீட்டுக்குப் பால் வீட்டுக்கே வரும். குழந்தை மேல் என் போர்வை இல்லை. கடையில் வாங்கிய கரடிப் படம் போட்ட கம்பளி இருந்தது. கொடியிலும் இல்லை. மனசு விட்டுப்போனது. அந்தக் கரடியின் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்கு ஆகவில்லை. காலையும் சாயங்காலமும் ஒரே ஜெபம். "ஆண்டவரே, என் போர்வையை அந்தப் பிள்ளை மேல போடவையும்." வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்திலும் விண்ணப்பம் கொடுத்தேன். போர்வை என்று சொல்ல வெட்கம், அதனால் "ஒரு குழந்தைக்காக" என்று மட்டும் சொன்னேன். எல்லாரும் கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். ஆண்டவர் பதில் சொல்லவில்லை. அப்புறம் ரேவதி வீடு பூட்டியே இருந்தது. கோயில் குளம் என்று போயிருப்பார்கள் என்று நினைத்தேன்.

கொடுத்துப் பத்துப் பதினோரு நாள் இருக்கும். அடுத்த போர்வைக்கு உட்கார்ந்து இன்சோல் துண்டை எடுத்து எண்ணினேன். ஐந்து. மறுபடி எண்ணினேன். ஐந்து. இருப்பதிலேயே நீளமான ஊசியைக் காணோம். பாயைத் தட்டினேன். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். அப்புறம்தான் அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. பிரியாணி ஞாபகம் வந்தது.

முப்பது வருஷம் எவனோ முகம் தெரியாதவன் காலுக்காக ஊசி தேடியவன், பச்சைக் குழந்தை போர்வையில் விட்டுவிட்டேன். அதுவும் அந்தப் போர்வையை அந்தக் குழந்தை மேல் போடவையும் என்று இத்தனை நாள் வருந்திக் கேட்டிருக்கிறேன். போதாதற்குச் சபையையே கேட்க வைத்திருக்கிறேன்.

அங்கேயே விழுந்தேன். "ஆண்டவரே, நான் இதுவரைக்கும் கேட்டத கேக்கலன்னு வெச்சுக்கும். நான் முட்டாள். அந்தப் பிள்ளைய காப்பாத்தும்."

சுகந்தி போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ரேவதி வீட்டுக்கு ஓடினோம். பூட்டு. எதிர்வீட்டு அம்மா சொன்னாள். "அவ திமிரிக்கு அம்மா வீட்டுக்குப் போய்ட்டா தாத்தா. நீ குடுத்த போர்வையகூட மூட்டையில வெச்சு எடுத்துனு போனா. கவலப்படாத."

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். நான் வீட்டுக்கு ஓடிப் பையை எடுத்தேன்.

ஆம்பூரில் பஸ் ஏறினோம். பழைய ரேடியோவில் கழற்றிய காந்தம் ஒன்றை ஊசி தேடப் பையில் போட்டுக்கொண்டேன். அது பையோடு சேர்ந்து சீட்டுக் கம்பியில் ஒட்டிக்கொண்டது. வேலூரில் இறங்கும்போது வரவில்லை. நான் இழுக்க, சுகந்தி என்னை இழுக்க, கண்டக்டர் வந்து பிடுங்கிக் கொடுத்தார்.

"இன்னா பெரியவரே இது, பஸ்ஸையே ஊட்டுக்கு எடுத்துனு போலாம்னு பாக்கறியா?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆற்காட்டில் பஸ் மாறி, திமிரி போய்ச் சேர்வதற்குள் நான் எத்தனை தரம் செத்தேன் என்று ஆண்டவருக்குத் தெரியும். குழந்தை புரளுகிற மாதிரியே கண்ணில் தெரிந்தது. சுகந்தி வாய்க்கு வாய் என்னைப் பேசுகிறவள், அன்றைக்கு வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டு வாசலை நெருங்கும்போது உள்ளே குழந்தை வீல் என்று கத்துகிற சத்தம். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுகந்திதான் உள்ளே ஓடினாள். ஓடியவள் திரும்பி வந்து, "எழுந்திருய்யா. தண்ணி ஊத்திக் குளிப்பாட்டறாங்க. அதுக்குத்தான் கத்துது" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். ரேவதி ஆச்சரியப்பட்டாள். எனக்கு ஊசி என்று சொல்ல வாய் வரவில்லை. "சும்மா, புள்ளைய பாக்கணும்னு தோணுச்சு" என்றேன். எதிரில் அவள் அப்பா முனுசாமி, வேர்க்கடலை விவசாயி, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

சுகந்தி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அந்தப் போர்வை எங்கம்மா?" என்று கேட்டாள்.

ரேவதி தலையைக் குனிந்துகொண்டாள். "தாத்தா தப்பா எடுத்துக்கக் கூடாது. மொத நாள் போத்தினேன். அதுல கம்பெனி வாசன ஜாஸ்தி. சொல்யூஷன் வாசன. போத்தின ஒடனே புள்ள தும்ம ஆரம்பிச்சிது. நிறுத்தவே இல்ல. எடுத்துட்டேன். அப்புறம் அத அவன் மேல போடவே இல்ல தாத்தா. அம்மா தொவச்சுக் குடுக்கும்னு இங்க எடுத்தாந்தேன். அதுக்குள்ள அப்பா இடுப்பு வலின்னு நாற்காலியில போட்டு ஒக்காந்துட்டாரு."

முனுசாமி அப்போதுதான் வாயைத் திறந்தார். "அதுல ஒக்காந்தன்னிக்கே தேளு கொட்டிடுச்சு."

"எங்க கொட்டிச்சு?" என்றேன் நான்.

"எதுல ஒக்காந்தேனோ அதுல."

வீடு முழுக்கத் தேள் தேடியிருக்கிறார்கள். நாற்காலியைக் கவிழ்த்து, நெல் மூட்டையை நகர்த்தி, மூணு நாள். வைத்தியர் மந்திரித்துக் கயிறு கட்டி, உப்பில்லாப் பத்தியம் சொல்லியிருக்கிறார். நாற்காலியைக் கவிழ்த்தபோது எறிந்த போர்வை மூலையில் கிடந்தது. நான் போய்ப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து மேலே நகர்த்தினேன். நீலப் புடவை மூலையில் காந்தம் டக்கென்று பிடித்துக்கொண்டது. தையலைப் பிரித்தேன். ரெண்டு துணிக்கு நடுவில் என் ஆறாவது ஊசி.

நான் முனுசாமி காலடியில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். பிரியாணியையும் சொன்னேன். அவர் ஊசியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். மறுபடி ஊசியைப் பார்த்தார்.

"மூணு நாளா உப்பில்லாத கஞ்சி குடிச்சுனு இருக்கறேன். அந்தத் தேளு நீதானாய்யா?"

முதலில் சிரித்தது ரேவதி. அப்புறம் முனுசாமியே சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே பார்த்து, "அந்த ஊறுகாய் ஜாடிய எடுத்தா" என்றார். நான் மட்டும் அழுதேன். குளித்து முடித்த குழந்தையை என் மடியில் போட்டார்கள். அது என் சட்டையை முகர்ந்து ஒரு தும்மல் போட்டது.

அந்தத் தும்மல்தான் எனக்கு வந்த பதில். கல்யாணம் ஆன புதிதில் எடுத்துப் போடும் என்று நான் கேட்ட வாசனையை ஆண்டவர் எடுக்காமல் வைத்திருந்தார். போர்வையைப் பிள்ளை மேல் போடவையும் என்று கேட்டதையும் அவர் கேட்கவில்லை. ரெண்டு ஜெபத்துக்கும் இல்லை என்று சொன்னார். அந்த ரெண்டு இல்லையும் சேர்ந்து ஒரு பிள்ளையைக் காத்தது. அதே வாசனைதான் டிரங்குப் பெட்டியிலிருந்து போர்வையில் ஏறி அங்கே காவலுக்கு நின்றிருக்கிறது. கோபப்பட்டேனே, அந்தக் கரடிக்குக்கூட நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இப்போதும் தைக்கிறேன். ஒவ்வொரு ஊசிக்கும் நீளமாகச் சிவப்பு நூல் வால் கட்டியிருக்கிறேன். நான் எண்ணிய பிறகு சுகந்தி எண்ணுவாள். பிறகு காந்தம். சந்தில் எந்த வாசனை வந்தாலும் ஆறும் இன்சோலில் ஏறிய பிறகுதான் எழுவேன். துணியைத் துவைத்து வெயிலில் போட்டுத்தான் கொடுக்கிறேன். கொடுத்த பிறகு அந்த வீட்டுப் பக்கம் போவதில்லை. போர்த்திக்கொள்வார்களோ, மடித்து வைப்பார்களோ, போட்டு உட்காருவார்களோ, அது ஆண்டவர் பாடு.

கேட்டது கிடைக்கவில்லை என்று யாராவது உங்களில் மனம் நொந்து இருந்தால், கொஞ்சம் பொறுங்கள். அவரை நம்புங்கள். எந்த நாற்காலியில் உங்கள் பதில் உட்கார்ந்திருக்கிறதோ தெரியாது.

ஒரே ஒரு வேண்டுதல். அந்தப் போர்வையை முனுசாமி திருப்பித் தரவில்லை. இன்றைக்கும் அதன் மேல்தான் உட்காருகிறார். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறார். அவர் சொல்வதில் ஆண்டவர் வருவதில்லை. "நான் ஒக்காந்தேன், பேரன் தப்பிச்சான்" என்று முடித்துவிடுகிறார். திமிரியிலிருந்து ஆற்காடு வரைக்கும் அப்படியே பரவிவிட்டதாம். ஆகவே தயவுசெய்து, இதைக் கேட்ட ஒவ்வொருவரும் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். முனுசாமி முந்திக்கொள்வதற்குள் சொல்லுங்கள்.