தொண்டைக்கட்டு

எனக்குப் பத்து வயதானபோது சித்தூரில் எங்கள் வீட்டில் கழிந்த ஒரு சனிக்கிழமையைப் பற்றி எழுதுகிறேன். நான் கண்ணால் கண்டவை, அம்மாவின் குறிப்பேட்டில் அவர் கையெழுத்தில் இருப்பவை, பிற்காலத்தில் பெரியம்மா தம் வாயால் சொன்னவை ஆகிய மூன்றுக்கும் அப்பால் எதையும் சேர்க்கவில்லை. நினைவு தானாக இட்டு நிரப்பும் அழகுகளை விலக்கிவிட்டேன். பார்த்ததையே எழுத வேண்டும், இல்லாததைச் சொல்லக் கூடாது என்பது அம்மா வகுத்த விதி. அதை நானும் ஒருமுறை மீறினேன். அம்மாவும் ஒருமுறை மீறினார். இரண்டும் அந்த ஒரே நாளில் நேர்ந்தன.

அம்மா ஆசிரியப் பயிற்சி பெற்றவர். ஆந்திர மாநிலம் தனியே அமைந்த பிறகு, அவர் கற்பித்த பள்ளியின் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் ஆண்டுதோறும் குறைந்து, இறுதியில் வகுப்பையே எடுத்துவிட்டார்கள். அவருடைய வேலையும் என் படிப்பும் ஒரே நாளில் நின்றன. தாலுக்கா அலுவலகத்தில் எழுத்தராக இருந்த என் தகப்பனார், நாங்கள் நைனா என்று அழைப்பவர், துறைத்தேர்வுக்காகத் தாமே தெலுங்கு எழுத்துகளைச் சிலேட்டில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். என்னையும் தெலுங்குப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்றார். வேத புத்தகத்தைத் தமிழில் வாசிக்கத் தெரியாத பிள்ளையாக என்னை வளர்க்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. வீட்டிலேயே கற்பிக்கத் தொடங்கினார்.

விடிந்ததும் ஓர் அதிகாரம் வாசிப்பு, அடுத்துக் கணக்கு, வெயில் ஏறுமுன் கொல்லையில் இயற்கைப் பாடம். இயற்கைப் பாடத்துக்கென ஒரு குறிப்பேடு இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் அம்மா ஒரு கோடு இழுத்திருந்தார். இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் கேட்டது. குயிலின் முட்டையைக் காகம் அடைகாக்கும் என்று ஒருநாள் இடப்பக்கத்தில் எழுதினேன்.

“நீ பாத்தியா?” என்றார் அம்மா.

“நைனா சொன்னாரு.”

“அப்ப அந்தப் பக்கம் எழுது. நைனாவே சொன்னாலும் அந்தப் பக்கந்தான். கர்த்தர் படைச்சதப் பத்திப் பாக்காதத பாத்தேன்னு எழுதக் கூடாது.”

தம்பி அப்போது கைக்குழந்தை. பல் முளைக்கும் காலமாதலால் இரவெல்லாம் அழுவான். அவனை மடியில் கிடத்திக்கொண்டு அம்மா என் வாசிப்பைக் கேட்பார். பத்து வரி போவதற்குள் அவர் தலை சுவரில் சாயும், கண்கள் மூடிக்கொள்ளும். நான் நிறுத்தினால் திடுக்கிட்டு நிமிர்வார். ஆகவே நிறுத்தாமல் அடுத்த அதிகாரத்தையும், சில நாள்களில் அதற்கடுத்ததையும் வாசிப்பேன். என் வாசிப்பு தங்குதடையின்றி ஓடத் தொடங்கியதற்கு அம்மாவின் களைப்பே பெருங்காரணம்.

இரண்டு ஆண்டுகள் இப்படிச் சென்றன. இதற்கிடையே மாநிலங்களின் எல்லை முடிவாகித் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. “நாம ஒரு அடி நவுரல, ஊருங்கதான் நவுந்துக்கினு கீது” என்பார் நைனா. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, திருத்தணியில் விடுதியோடு கூடிய ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. அவரிடமிருந்து வந்த அஞ்சலட்டையை நைனா உரக்கப் படித்ததால் நானும் கேட்டேன். சனிக்கிழமை வந்து என் வாசிப்பைப் பார்ப்பதாகவும், தேறினால் ஜூனில் ஐந்தாம் வகுப்பில் சேர்த்து விடுதியிலேயே வைத்துக்கொள்வதாகவும், தேறாவிட்டால் சித்தூரிலேயே தெலுங்கில் சேர்த்துவிடும்படியும் எழுதியிருந்தார்.

நான் தேறக் கூடாது என்று முடிவு செய்தேன். விடுதியைப் பற்றிய அச்சம் எனக்கில்லை. நான் போய்விட்டால், அம்மா தூங்குவதற்கு யார் வாசிப்பார் என்பதே என் கவலை.

சனிக்கிழமை காலைப் பேருந்தில் பெரியம்மா வந்து இறங்கினார். காப்பி குடித்து முடித்ததும், நான் அதுவரை கண்டிராத ஒரு பாடப்புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து நடுவில் பிரித்துக் கொடுத்தார்.

“படி, பாக்கலாம்.”

எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். தெரிந்த சொற்களில் தடுக்கி விழுந்தேன். ஒரு வரியை விட்டு அடுத்த வரிக்குத் தாவினேன். பெரியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“நான் தெலுங்கு படிக்கிறாப்பலயே படிக்குதே, அண்ணி!” என்று நைனா சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை.

“ரெண்டு வருசமா இன்னாடி சொல்லிக்குடுத்த?” என்று அம்மாவைக் கேட்டார். “குருவிக்கூட்டையே எண்ணிக்கினு இருந்தா எழுத்து வந்துடுமா? டிரெயினிங் படிச்சவ வூட்டுப் புள்ள இப்பிடியா?”

இடுப்பில் தம்பியோடு கதவருகில் நின்ற அம்மா அவனை மறுபக்கம் மாற்றிக்கொண்டார்.

“நாந்தான் சரியா சொல்லிக்குடுக்கலக்கா” என்றார்.

எண்ணியது நிறைவேறியிருந்தும் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. நான் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாததால், அப்போது அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று எழுத இயலவில்லை.

தம்பி பிறந்தது முதல் எங்கள் வீட்டில் நின்றுபோயிருந்த குடும்ப ஜெபம், பெரியம்மா வந்ததால் அன்று விளக்கேற்றியதும் மீண்டும் நடந்தது. பாயில் வட்டமாக உட்கார்ந்து, அன்றைய பகுதியை ஆளுக்கு நான்கு வசனமாக வாசித்துப் புத்தகத்தை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். எழுத்தறிந்த எவரும் இதற்கு விலக்கில்லை. காலையில் அவ்வளவு சூழ்ச்சி செய்த நான் இதை அடியோடு மறந்திருந்தேன். பெரியம்மா வாசித்து நைனாவிடம் கொடுத்தார். நைனாவின் முறை முடிந்து புத்தகம் என் மடிக்கு வந்தது. அம்மா தூங்குவதற்காக நான் பலமுறை வாசித்த அதே அதிகாரம். ஒழுங்காக வாசித்தால் பெரியம்மாவுக்குத் தெரிந்துவிடும்; தடுமாறினால் வேதத்தின்மேல் பொய் சொன்னதாகும். வாயைத் திறந்தேன், ஒலி எழவில்லை.

என் பக்கத்திலிருந்த அம்மா கையை நீட்டிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

“அவளுக்குத் தொண்ட கட்டிக்கினு கீது. நான் படிச்சிடறேன்.”

“காத்தால நல்லாத்தானே இருந்திச்சி?” என்றார் பெரியம்மா.

“மத்தியானம் ஐஸ் துன்னுட்டாக்கா.”

“இந்த வெயில்ல ஐஸ் துன்னா கட்டாம இன்னா பண்ணும்?”

அன்று நான் ஐஸ் தின்னவில்லை. என் வசனங்கள் நான்கையும் தம்முடைய நான்கையும் அம்மா ஒரே சீராக வாசித்து முடித்தார். பிறகு பெரியம்மா கண்களை மூடி, என் தொண்டை விரைவில் குணமாக வேண்டும் என்று மிகவும் உருக்கமாக ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம். என் ஆமென் தெளிவாகவே ஒலித்தது. அதை யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூனில் தெலுங்குப் பள்ளியில் சேர்ந்தேன். வீட்டுப் பாடங்கள் நின்றுவிட்டன; தமிழ் வாசிப்பு, மீண்டும் தொடங்கிய ஜெபவேளையின் நான்கு வசனங்களாகச் சுருங்கியது. எனக்குத் திருமணமான பிறகு ஒருமுறை பெரியம்மா பேச்சுவாக்கில் சொன்னார்: என்னை அழைத்துக்கொள்வது அவருடைய யோசனை அன்று, அம்மாதான் முதலில் எழுதிக் கேட்டிருக்கிறார். “‘இனிமே என்னால முடியலக்கா, ஒடம்பு தாங்கல, நீ இட்டுக்கினு போ’ன்னு எழுதியிருந்தா உங்கம்மா” என்றார். அம்மா அதற்கு முன்பே காலமாகியிருந்தார்.

குறிப்பேடு இப்போது என்னிடம் இருக்கிறது. கொல்லை எலுமிச்சையில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருந்த தையல்சிட்டை நாங்கள் நாள்தோறும் கவனித்துவந்தோம். அந்தச் சனிக்கிழமைக்கான குறிப்பை அம்மாவே எழுதியிருக்கிறார். இடப்பக்கத்தில், “இன்று சிட்டு கூட்டுக்கு வரவில்லை” என்று எழுதி, கடைசிச் சொல்லை அடித்துவிட்டு, “வந்ததை நான் பார்க்கவில்லை” என்று திருத்தியிருக்கிறார். வலப்பக்கம் வெறுமையாக உள்ளது. அதற்குப் பின் ஏட்டில் எழுத்தே இல்லை.

நான் வாசித்த காலைகளில் அம்மா உண்மையாகவே தூங்கினாரா, கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால், தம் களைப்பை ஒருபுறம் வைத்துவிட்டு என் பொய்க்குத் துணைநின்றார். தூங்கியிருந்தால், தாம் தோற்றுவிட்டதாகவே நம்பி என்னை அவமானத்திலிருந்து காப்பாற்றினார். இரண்டில் எது என்று அவர் இருந்தபோது நான் கேட்கவில்லை.