உகாண்டாவிலிருந்து வந்த அம்மா

அனகாபுத்தூரில் சாக்கடை கலக்கும் ஆற்றோரம் நாங்கள் போட்டிருந்த கீரைப் பாத்திகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது என்ற செய்தியை எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. "இந்த நாத்தத்துல இன்னாத்த பாக்க வராங்களாம்?" என்று எதிர்வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக் காட்டிச் சிரித்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அந்தக் கீரைதான் என்னைப் படிக்க வைக்கிறது என்று அம்மா தினமும் சொல்லிச் சொல்லி, அந்தப் பாத்திகளின் மேல் எனக்குச் சொந்தக்காரியின் திமிர் வந்திருந்தது.

அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்த ரசாயன நெடியில் நெஞ்சு கெட்டு, நான் பேசப் பழகும் முன்பே போய்விட்டார். அதன்பின் அம்மா தெருப் பெண்கள் சிலரோடு சேர்ந்து ஆற்றோரப் புறம்போக்கில் அரைக்கீரையும் சிறுகீரையும் போட்டாள். குடத்தில் தண்ணீர் தூக்கி ஊற்றியே எல்லாருக்கும் இடுப்பு ஒடிந்தது. அந்த நேரத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனம் அவர்களைக் குழுவாகச் சேர்த்து, விதையும் ஒரு டீசல் மோட்டாரும் கொடுத்தது. அதற்கு ஒரே நிபந்தனை. குழுவில் இருக்கிற பெண்களின் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஒரு பிள்ளை நின்றாலும் மோட்டார் வேறு ஊருக்குப் போய்விடும்.

எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை நின்றிருந்தது.

அக்கா எட்டாம் வகுப்பின் பாதியில் நின்றாள். ஆற்றுத் தண்ணீரில் நின்று நின்று அம்மாவின் கால்கள் வெடித்துப் புண்ணாகி, செருப்புக்கூடப் போட முடியாமல் ஆகிவிட்டது. யாராவது பாத்தியில் இறங்கித்தான் ஆக வேண்டும். அக்கா இறங்கினாள். விடியும் முன்பே கீரை அறுத்து, கட்டு கட்டி, பல்லாவரம் சந்தைக்குப் போகிற கூடைக்காரிகளிடம் போட்டுவிட்டு வருவாள். பிறகு எனக்குத் தலை பின்னி அனுப்புவாள். வீட்டுப்பாடம் எழுத வேண்டாம், டீச்சரிடம் அடி வாங்க வேண்டாம், அக்காவுக்கு என்ன யோகம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குழுப் பெண்கள் எல்லாருக்கும் விஷயம் தெரியும். மோட்டார் எல்லாருக்கும் வேண்டியிருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஆள் வரப்போகிற அன்று காலை அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து அக்காவின் பழைய யூனிஃபார்மை எடுத்தாள். சட்டை அக்குளில் பிடித்தது. அம்மா தையலைப் பிரித்துவிட்டு, நீலப் பாவாடையைக் கீழே இழுத்து இழுத்து விட்டாள். அது கணுக்காலுக்கு இறங்க மறுத்தது.

"தபாரு, கேட்டா ஒம்பதாவது படிக்கிறேன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத."

அக்கா தலையாட்டினாள். இரட்டைப் பின்னலும் ரிப்பனுமாக அவளைப் பார்க்க எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மாறுவேடப் போட்டிக்குக் கிளம்பியவள் மாதிரி இருந்தாள்.

வெளிநாடு என்றதும் தெரு முழுக்க வெள்ளைக்காரரை எதிர்பார்த்து நின்றது. ஜீப்பிலிருந்து இறங்கியதோ எங்கள் அம்மாவைவிடக் கறுப்பான, வாட்டசாட்டமான ஒரு பெண். பூப்போட்ட துணியைத் தலையில் சுற்றியிருந்தார். "அட, நம்மள மாதிரியே கீறாங்க" என்று யாரோ ஏமாற்றத்தோடு சொன்னார்கள். கூட வந்த நிறுவனத்து மேடம் அவரைப் பற்றிச் சொன்னார். உகாண்டாவில் அவரும் விவசாயம்தான் செய்கிறார். கணவர் இல்லை. அங்கே இதே மாதிரி ஒரு பெண்கள் குழு, அவரவர் நிலத்தில் மக்காச்சோளமும் பீன்ஸும் போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது. இங்கே எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறார்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பாத்திக்குள் இறங்கினார். மண்ணைக் கிள்ளி விரலில் உருட்டிப் பார்த்தார். மோட்டாரைத் தட்டிக் கொடுத்தார். நான் எனக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலப் பாட்டைப் பாடினேன். கைதட்டினார். பிறகு, சற்றுத் தள்ளி நின்ற அக்காவைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும்னு கேக்கறாங்க" என்றார் மேடம்.

"கணக்கு" என்றாள் அக்கா. அது உண்மைதான். கணக்கில் அவள்தான் வகுப்பில் முதல்.

உகாண்டா அம்மா சிரித்துக்கொண்டே கை குலுக்கினார். குலுக்கிய கையை விடவில்லை. அக்காவின் உள்ளங்கையை மெல்லத் திருப்பினார். கீரைச் சாறு ஏறிக் கறுத்த விரல்கள், கட்டைவிரலில் அரிவாள் கிழித்த கோடுகள், அடியில் காய்த்துப்போன மேடுகள். அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கைரேகை பார்க்கிறார் என்று நினைத்து, அடுத்தது நான் என்று என் கையைப் பாவாடையில் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் தன் கையை அக்காவின் கைக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, தாழ்ந்த குரலில் கொஞ்ச நேரம் பேசினார். கண்களில் நீர் கோத்திருந்தது.

மேடம் யார் முகத்தையும் பார்க்காமல் பாத்திகளைப் பார்த்தார். "கீரை ரொம்ப நல்லா வந்திருக்குன்னு சொல்றாங்க" என்றார்.

"தேங்க்ஸ் சொல்லுங்க மேடம்" என்று அம்மா கும்பிட்டாள்.

கையைப் பார்த்துக்கொண்டு கீரையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. உகாண்டாவில் அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஜீப் போன பிறகு அக்கா யூனிஃபார்மைக் கழற்றவே இல்லை. இருட்டுகிற வரை அதோடேயே வீட்டு வேலைகளைச் செய்தாள்.

மோட்டார் எங்களிடமே இருந்தது. மறு வருஷம் பெய்த மழையில் ஆறு பெருகி, பாத்திகளோடு அதையும் கொண்டுபோயிற்று. அக்கா தாம்பரம் பக்கம் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் காஜா தைக்கப் போனாள். அந்தச் சம்பளம் என்னைப் பள்ளி முடித்துக் கல்லூரி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது. பத்தொன்பது வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், ஜீப் வந்துபோன அடுத்த வாரம், மேடம் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மூலையில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?" என்று அவர் அம்மாவிடம் கேட்டார். "என் பெரிய பொண்ணு கையும் இப்படித்தான் இருக்கும், சின்னதுங்க படிக்கணும்னு அவளை நிலத்துல விட்டுட்டேன்னாங்க. எனக்கு அதை அங்க எல்லார் முன்னாடியும் சொல்ல வாய் வரல."

அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கால்களைக் காட்டினாள். "இத்த வெச்சிக்கினு எப்டி மேடம் தண்ணில எறங்குவேன்? நான் எறங்கலன்னா சோறு ஏது, இஸ்கூல் ஏது? ஒண்ணாவது படிச்சி வரட்டும்னுதான்..."

"நான் இதை மேல சொன்னா மோட்டார் போயிடும். மத்தவங்களுக்கும் சேர்த்துப் போயிடும். சொல்லாம இருந்தா இவ படிப்பு போயிடும்" என்றார் மேடம். பிறகு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்காவின் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. திரும்ப ஸ்கூலுக்குப் போறியா? நான் வந்து ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட பேசறேன்."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னையும் என் மடியிலிருந்த நோட்டையும் பார்த்தாள்.

"எனக்குப் படிப்பு ஏறல மேடம்" என்றாள். "கணக்குன்னாலே பயம்."

நான் களுக்கென்று சிரித்துவிட்டேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா பொய் சொல்கிறாள் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. யாருக்காகச் சொல்கிறாள் என்பது தெரியவில்லை.