ஸ்டீபன் அத்தான் பார்த்த செரங்கெட்டி

என் அக்கா ஞானப்பூவின் கணவர் ஸ்டீபனைப் பற்றி அருப்புக்கோட்டையில் யாரைக் கேட்டாலும், "ஆப்பிரிக்கா பிட்டரா? சிங்கத்தையெல்லாம் பாத்துட்டு வந்தவுகளாச்சே" என்பார்கள். பார்த்தார்தான். ஆனால் அதைப் பார்க்க அவர் எடுத்துக்கொண்ட காலத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

அத்தானுக்குச் சொந்த ஊர் திருச்சுழிப் பக்கம், கரிசல் காடு. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஜின்னிங் பாக்டரியில் பிட்டராக இருந்தார். எண்பத்து மூன்றில் ஒரு பம்பாய்க் கம்பெனி அவரைத் தான்சானியாவுக்கு அனுப்பியது. விக்டோரியா ஏரிக்குப் பக்கத்தில் இருந்த பஞ்சாலையில் மெஷின் பூட்டுகிற வேலை. செரங்கெட்டிக் காடு அங்கிருந்து ஒரு பகல் பயணம்கூட இல்லை. எங்கெங்கோ இருக்கிறவர்கள் விமானம் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிற காடு அது. இந்த மனிதர் அதன் வாசலில் மூன்று வருஷம் குடியிருந்துவிட்டு, ஒரு முயலைக்கூடப் பார்க்காமல் லீவில் வந்து நின்றார். கேட்டால், "காடு எங்க ஓடிறப் போகுது ஏஞ்சலு? ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகவும் தூங்கவுமே சரியாப் போகுது" என்று சிரித்தார்.

காடு ஓடவில்லை, கண்தான் அவரை ஏமாற்றியது. அந்த லீவில் அவர் கதவு நிலையில் முட்டிக்கொண்டார், தரையில் கிடந்த சொம்பை எத்திவிட்டார், பக்கத்தில் நின்ற என்னை இடித்துவிட்டு "யாரு?" என்றார். நான் கேலி செய்தேன். அக்கா கேலி செய்யவில்லை. மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரத்துப் பார்வையெல்லாம் போய்விட்டது, நடுவில் ஒரு வட்டம்தான் மிச்சம் என்றார் டாக்டர். போனது வராது. மருந்து விட்டால் மிச்சம் உள்ளது கொஞ்ச காலம் நிற்கும், பிறகு அதுவும் மூடிக்கொள்ளும்.

அத்தான் வீட்டுக்கு வந்து கையைக் குழாய் மாதிரி சுருட்டிக் கண்ணில் வைத்து எங்களுக்குக் காட்டினார். "இம்புட்டுதான் தெரியுது" என்றார். கையை இறக்கிவிட்டு, "காண்ட்ராக்டு இன்னும் ஒரு வருசம் இருக்கு. நான் போறேன். இது மூடுறதுக்குள்ள அந்த மிருகத்தையெல்லாம் ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன்" என்றார்.

அக்கா சேலையை மடித்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கிவிட்டாள். "கண்ணு தெரியாதவுகளத் தனியா அனுப்ப நான் என்ன கூறு கெட்டவளா? நானும் வாரேன்."

பக்கத்தில் இருக்கிற பந்தல்குடிக்குப் பஸ் ஏறினாலே தலை சுற்றுகிறவள், கடல் தாண்டிப் போனாள்.

போய் இறங்கியதும் அவளுக்கு வந்த சந்தேகம், சுற்றிச் சுற்றி ஊருக்கே திரும்பிவிட்டோமோ என்பதுதான். அதே கறுப்பு மண், அதே வெடிப்பு. திருச்சுழி ரோட்டில் குடை விரித்தாற்போல நிற்கிற உடை மரம் மாதிரியே அங்கேயும் முள்மரங்கள் வரிசையாக நின்றன. ஒரே வித்தியாசம், அந்த மரங்களுக்கு மேலே ஒட்டகச்சிவிங்கியின் தலை தெரியுமாம். அத்தானுக்கு அது தெரியவில்லை. எங்கே எங்கே என்று அவர் தேடுவதற்குள் தலை இறங்கிவிடும்.

ஜூன் மாதம் மழை ஓய்ந்துவிடும். ஆலையில் பருத்தி அரவை தொடங்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். அந்தச் சமயத்தில்தான் புல்லைத் தேடி மந்தை மந்தையாக மிருகங்கள் அந்தப் பக்கம் நகர்ந்து வரும். ஆலை லேண்ட்ரோவரை இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்கி, மசன்ஜா என்ற டிரைவரோடு கிளம்பினார்கள். அதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. அரவை தொடங்கினால் மூச்சு விட முடியாது, அது முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

முதல் நாள் முழுக்க வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. "அந்தா வரிக்குதிர! இந்தா மானு! அங்க பாருங்க, அங்க!" என்று அக்கா கத்தினாள். அத்தான் அந்தச் சின்ன வட்டத்தைத் திருப்பி நிறுத்துவதற்குள் புல்லும் புழுதியும்தான் மிச்சம். சாயங்காலம் அவர் கணக்கில் இரண்டு வால் இருந்தது. யாருடைய வால் என்றுகூடத் தெரியாது. "பரவாயில்ல, நாளைக்கு ஒரு பகல் இருக்குல்ல" என்றாராம். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலையில் வண்டி ஏறும் முன் அக்காதான் ஜெபம் செய்தாள். எங்கள் பக்கத்து வேதக்காரர் வீட்டு ஜெபத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்காகத் தொடங்கினாலும் சரி, வயிற்றுவலிக்காகத் தொடங்கினாலும் சரி, அது மழையில்தான் முடியும். "ஏற்ற காலத்தில் மழையைத் தாரும்" என்று சொல்லாமல் ஆமென் சொல்ல எங்களுக்கு வாய் வராது. அக்கா, "என் புருஷன் கண்ணுக்குக் காட்டும் ஆண்டவரே" என்று உருகி உருகிக் கேட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் மழையையும் கேட்டுவிட்டாள். ஆமென் சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஓய்ந்துபோன மழை திரும்பி வந்தது. ஊற்று ஊற்றென்று ஊற்றியது. கரிசல் நனைந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கா தெரியாது? நடு வெளியில் லேண்ட்ரோவர் அச்சு வரைக்கும் புதைந்து நின்றது. மசன்ஜாவும் அக்காவும் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள். அக்காவின் முகமெல்லாம் சேறு தெறித்ததுதான் மிச்சம். வேறு வண்டி வந்து இழுத்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டு, மசன்ஜா தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். அக்கா, "பாவி நானே கேட்டு வாங்கிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மழை விட்டது. வெயிலும் இல்லை, இருட்டும் இல்லை. வெளியெல்லாம் பால் கலந்த மாதிரி ஒரு வெளிச்சம். வண்டிச் சத்தம் இல்லாததால் காது நிறைய ஈரத்தின் சத்தம். மண்ணிலிருந்து வந்த வாசனை அப்படியே ஊர் வாசனை. இருவரும் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதையே கொஞ்ச நேரம் மறந்துவிட்டார்கள். அப்போதுதான் பனிப்புகைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

ஓடுகிற வண்டியைக் கண்டால் விலகுகிற மிருகங்கள், நின்றுபோன வண்டியை ஒரு பாறையாகத்தான் நினைத்தன போலிருக்கிறது. தாடி வைத்த மாடுகள் முனகிக்கொண்டே இருபுறமும் ஒழுகிப் போயின. வரிக்குதிரைகள் நின்று நிதானமாக மேய்ந்தன. அக்கா அத்தானின் தாடையைப் பிடித்தாள், பிள்ளைக்கு முகம் கழுவிவிடுகிற மாதிரி. "இங்க" என்று மெல்லத் திருப்பி அசையாமல் வைத்துக்கொண்டாள். அந்த வட்டத்துக்குள் ஒரு வரிக்குதிரையின் கண் வந்து நின்றது. இமை மயிரில் மழைத்துளி இருந்ததைக்கூட அத்தான் பார்த்தார். பிறகு ஒரு யானை. முழுசாக வட்டத்துக்குள் அடங்காததால், கால், காது, தும்பிக்கை என்று அக்கா கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் காட்டினாள். தூரத்து மேட்டில் நனைந்துபோன சிங்கம் ஒன்று அலுத்துக்கொண்டு படுத்திருந்தது. உடை மரத்தின் மேலே ஒட்டகச்சிவிங்கி இந்தத் தடவை தலையை இறக்கவே இல்லை. எதற்கும் அவசரமில்லை. அந்தப் பகல் முடியவே முடியாது என்று தோன்றியதாம்.

சாயங்காலம் வேறு வண்டி வந்து இழுத்துவிட்டது. அரவை முடிந்து எண்பத்து ஏழில் ஊர் வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். "எத ரொம்ப நேரம் பாத்தீக?"

"ஞானப்பூவத்தான்" என்பார் அத்தான். கூட்டம் சிரிக்கும். நானும் சிரித்தேன். அக்காவை மிருகம் என்கிறார் என்று நானே பலபேரிடம் சொல்லி அவளுக்குக் கோபம் மூட்டியிருக்கிறேன்.

தொண்ணூற்று மூன்று வாக்கில் வட்டம் மூடிவிட்டது. அத்தான் அதற்காகப் புலம்பவில்லை. அதற்கு வெகு காலம் கழித்து, இரண்டு வருஷம் மழை பொய்த்திருந்த சமயம், ஒரு மத்தியானம் நல்ல மழை பிடித்தது. அன்றைக்கு நான் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் கதவோரம் உட்கார்ந்து தாழ்வாரத் தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தான், எல்லாத்தையும் பாத்தீகளே, கடைசியா அந்தக் காட்டுல எதப் பாத்தீக?" என்று கேட்டேன்.

"அதத்தான் எப்பவும் சொல்லிக்கிட்டு இருக்கேன், நீங்கதான் நம்ப மாட்டேங்கிறீக" என்றார். "ஒட்டகச்சிவிங்கியப் பாத்து முடிச்சதும் தாடையிலருந்து அவ கைய எடுத்துவிட்டுட்டு, நானாத் திரும்பினேன். மூஞ்சியெல்லாம் சேறு. அழுத கண்ணு. ஆனாச் சிரிக்கா. மிருகத்தப் பாருங்கன்னு வையிறா. நான் அவளயேதான் பாத்துக்கிட்டு இருந்தேன், வண்டி வர்ற வரைக்கும். இந்தா, இப்பவும் அப்படியேதான் இருக்கா. அவளுக்கு வயசே ஆகல ஏஞ்சலு."

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். நெற்றிக்கு மேலே முழுக்க வெளுத்திருந்த முடியை முந்தானைக்குள் தள்ளிவிட்டு, என் காதோரம் குனிந்தாள்.

"எனக்கு நரைச்சுப்போச்சுன்னு இவுககிட்ட ஒளறி வச்சிராதடி" என்றாள்.

வாய் அடங்காதவள் என்று பெயர் எடுத்தவள் நான். அதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.