பிரேக் அக்காவின் வலது கால்

மருத்துவமனைக் கூடத்தின் திருப்பத்தில் ஸ்டிரெச்சர் ஒன்று கொஞ்சம் வேகமாகவே வருகிறது. வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் வலது கால் தரையை ஓங்கி அழுத்துகிறது. ஸ்டிரெச்சர் சுவரில் உரசாமல் திரும்பிப் போன பிறகுதான் கால் எழும்புகிறது. "வளைவுல பாத்துப் போங்க" என்று தள்ளிக்கொண்டு போகிறவரிடம் சொல்லிவிட்டு, முடி உதிர்ந்த தலையில் கட்டிய துணியைச் சரிசெய்துகொள்கிறார்.

இருபத்திரண்டு வருடமாக இந்தக் கால் இப்படித்தான். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய பயிற்சிக் காரில், கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் கோட்டை விட்டாலும் அக்காவின் கால் விடாது. பேருந்தில் போகும்போதும் அழுத்தும். வீட்டில் யாராவது தண்ணீர்க் குவளையை மேசை விளிம்பில் வைத்தாலும் அழுத்தும். அதனால் பழைய மாணவர்களான எங்களுக்கு அவர் பிரேக் அக்கா. அவரும் சும்மா இருந்தவர் இல்லை. எங்கள் குறைகளையே எங்களுக்குப் பெயராக வைத்துவிட்டார். ரொட்டிக் கடை வைத்திருக்கும் அம்மாள், ஈ குறுக்கே போனாலும் ஹாரன் அடித்தவர். அவர் பெயர் ஹாரன். என் பெயர் நாலாம் தடவை. எத்தனையாவது தேர்வில் லைசென்ஸ் வாங்கினேன் என்று இனிமேல் நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வகுப்பில் அவர் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டதில்லை. "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. கண்ணை மட்டும் மூடிடாதீங்க" என்பதுதான் அதிகபட்சக் கண்டிப்பு. ஆனால் ஒவ்வொரு முறையும் வண்டி கிளம்புவதற்கு முன் அவரே கண்ணை மூடுவார். உள்ளங்கையை டாஷ்போர்டின் மேல் வைத்து, ஒரு வாக்கியம் சொல்லும் நேரம். எந்தச் சாமி என்று ஒரு நாள் கேட்டேன். "பக்கத்துல உக்காந்திருக்கிறவரு. உங்க பக்கத்துல நான் உக்காந்திருக்கேன்ல, அதே மாதிரி. அவரு காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு" என்றார்.

நோய் தட்டுப்பட்டது சீட் பெல்ட்டால்தான். பழியும் அதன் தலையிலேயே விழுந்தது. பெல்ட் குறுக்கே போகும் இடத்தில், இடது மார்பின் மேல்பக்கம் ஏதோ கட்டியாக உறுத்தியது. நாள் முழுக்கக் காரிலேயே இருக்கிறவர் வேறென்ன நினைப்பார்? பெல்ட் சரியில்லை என்று முடிவு கட்டினார். மெக்கானிக் அதை ஒரு முறை ஏற்றி மாட்டினார், ஒரு முறை இறக்கி மாட்டினார். அக்கா ஒரு துண்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினார். நாலாவது மாதம் புது பெல்ட்டே மாற்றியாயிற்று. அதுவும் அதே இடத்தில் உறுத்தியது. அன்று மாலை கணவரிடம் போய், "பெல்ட் மேல தப்பு இல்ல போலிருக்குங்க" என்று சொல்லியிருக்கிறார்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். லைசென்ஸுக்கு மனுப் போடுகிற பாதிப் பேருக்குக் கண்ணைச் சோதித்துச் சான்று கொடுப்பவர். ஆனால் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் அக்கா மூன்று முறை சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். மூன்றாவது முறை வண்டி நாற்சந்தியில் நின்றுபோக, மனுஷர் சாவியை மனைவி கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததில்லை.

அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் ஆறு முறை கீமோ. இரண்டாவது கீமோவுக்குப் பிறகு அக்கா மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கணவர் கஞ்சி எடுத்து வந்தபோது கை தவறிப் பாத்திரம் கட்டிலருகே விழுந்து உருண்டது. உடனே அவர் ஹாரனுக்குப் போன் செய்திருக்கிறார். "பாத்திரம் விழுந்துச்சும்மா. அவ கால் அசையவே இல்ல" என்று சொல்லிவிட்டு அழுதாராம். ஹாரன் அடுப்பில் இருந்த ரொட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். அன்று ஒரு தட்டு முழுக்கக் கரி. அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பூனை அலமாரி மேலிருந்து தாவியபோது கால் லேசாக அழுத்தியது. அந்தச் செய்தி அரைமணி நேரத்தில் எங்கள் எல்லோருக்கும் வந்து சேர்ந்தது. நான் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தேன். அலுவலகத்தில் எதிர்மேசைக்காரர் ஜலதோஷமா என்று கேட்டார்.

பிறகு இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு. அக்கா மொழியில், கரண்ட் வைக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் விடுப்பு முடிந்து கிளம்பும் முன் இரண்டு காரியம் செய்துவிட்டுப் போனாள். அந்தப் பழைய துண்டைத் தைத்து, தழும்பில் பெல்ட் படாமல் இருக்க ஒரு சின்னத் தலையணை ஆக்கினாள். வாரத்தின் ஐந்து நாளுக்கும் ஐந்து மாணவர்களை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். புதன்கிழமை ஹாரன், வியாழக்கிழமை நாலாம் தடவை.

ஒரு நோயாளியை அழைத்துப் போகிறோம் என்ற எங்கள் பெருமை முதல் திருப்பத்திலேயே இறங்கிவிடும். பயிற்சிக் காரில், தன் பழைய இடத்தில், தலையணையை அணைத்தபடி அக்கா உட்கார்ந்திருப்பார். பின்சீட்டில் கணவர், மடியில் ஃபைலோடு. அக்காவின் முகம் வெளுத்திருக்கிறதா என்று நான் ஓரக்கண்ணால் பார்த்தால், "என்னை அப்புறம் பாத்துக்கலாம். பின்னாடி லாரி வருது, அதைப் பாருங்க" என்பார். அவருக்காக ஹாரன் ஒரு சாமியிடம் வேண்டினார், நான் இன்னொரு சாமியிடம், திங்கட்கிழமைக்காரர் எதையும் நம்பாதவர், அவர் கூட ஏதோ முணுமுணுத்தார். அக்கா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஓரமா நிறுத்திட்டுக் கும்பிடுங்க என்று மட்டும் சொல்லிவைத்தார்.

ஆனால் அவருடைய உள்ளங்கை டாஷ்போர்டுக்குப் போகவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். நோய் தெரிந்த நாளிலிருந்தே போகவில்லையாம். மூன்றாவது வியாழக்கிழமை, நான் சாவியைத் திருகப் போனபோது, கை மெதுவாக எழுந்து அந்தப் பழைய இடத்தில் உட்கார்ந்தது. அவராகவே சொன்னார்.

"பேச்சுவார்த்தை இல்லாம இருந்தேன். பக்கத்துலயே இருந்துக்கிட்டு பிரேக் போடலையேன்னு கோவம். நேத்து கரண்ட் வைக்கிற மேசையில படுத்திருக்கும்போது தோணிச்சு, அந்த பெல்ட்டு வேற எங்கயும் உறுத்தாம அங்கயே உறுத்திச்சே. அவரு அழுத்திக்கிட்டேதான் இருந்திருக்காரு. நான்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்."

எனக்கு அவர் அளவுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்று வண்டியைக் கிளப்ப எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

இதற்கிடையில் பின்சீட்டில் ஒரு சதி நடந்துகொண்டிருந்தது. "ஊரே அவளை ஓட்டிக்கிட்டுப் போகுது. நான் ஃபைலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்று கணவர் ஹாரனிடம் புலம்பியிருக்கிறார். அதன் பிறகு தினமும் விடிந்ததும் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, இரண்டு தெரு தள்ளியிருக்கும் வேறொரு பயிற்சிப் பள்ளியில் போய்ச் சேர்ந்திருக்கிறார். பிரேக் அக்காவின் வீட்டுக்காரர், அடுத்த பள்ளியில்! தன் கண்ணுக்குத் தானே சான்று எழுதக் கூடாது என்பதால் போட்டிக் கடைக்கும் போய் வரிசையில் நின்றிருக்கிறார். எல்லோருக்கும் தெரிந்தது, அக்காவைத் தவிர.

சிகிச்சை எல்லாம் முடிந்து, ஸ்கேன் முடிவைக் கேட்கப் போகும் நாள் வந்தது. ஹாரனும் நானும் வாசலில் நின்றோம். கணவர் சட்டைப் பையிலிருந்து புது லைசென்ஸை எடுத்து மனைவியிடம் நீட்டினார். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேட்டது ஒரே கேள்வி: "எத்தனாவது தடவை?" முதல் தடவையே என்றார் அவர். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அவர் ஓட்டிக்கொண்டு போகும் வழியில் அந்த வலது கால் பதினோரு முறை இறங்கியது. எண்ணிக்கொண்டு வந்தவர் ஹாரன். வண்டி ஓடும் விதத்தை விட, போகிற இடத்தைத்தான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். காத்திருந்த அறையில் ஹாரனின் உதடுகள் விடாமல் அசைந்தன. கணவர் ஃபைலின் நாடாவை அவிழ்த்துக் கட்டினார், அவிழ்த்துக் கட்டினார். அக்காவும் கணவரும் டாக்டரின் அறைக்குள் போய்த் திரும்ப இருபது நிமிடம் ஆயிற்று. வெளியே வந்த அக்கா, "ஒண்ணும் இல்லையாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும், மாத்திரையை விடாம போடணும், அவ்வளவுதான்" என்று எங்களிடம் சாதாரணமாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நாங்களும் அழுதோம். நன்றாக, வாய் விட்டு, வெட்கமில்லாமல் அழுதோம். மகளுக்குப் போன் போட்ட கணவர் அதை அப்படியே ஹாரனிடம் நீட்டினார். ஹாரன்தான் வாங்கிச் சொன்னார்.

திரும்பும்போதும் கணவர்தான் ஓட்டினார். அக்கா பெல்ட்டைப் போட்டு, தலையணையைச் செருகி, உள்ளங்கையை டாஷ்போர்டின் மேல் வைத்தார். அன்று அந்த வாக்கியம் கொஞ்சம் நீளமாக இருந்தது. பெரிய நாற்சந்தியில் பச்சை விழுந்தது. வண்டி ஒரு முறை துள்ளி, இன்ஜின் நின்றுபோனது. பின்னால் பத்து வண்டிகள் ஒரே சமயத்தில் ஹாரன் அடித்தன. கணவரின் காது மடல் சிவந்தது. பின்சீட்டில் என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

அக்கா குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டு கால்களையும் பிரேக்கை விட்டுத் தூக்கி, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.